பிளைவுட் தெரு

மனிதர்களைச் சமுதாயத்தோடு இணைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் அவர்களைச் சமுதாயத்திலிருந்து பிரித்து ஒரு கட்டடத்துக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும். வெளியே சும்மா நடமாடிக்கொண்டிருப்பவரை எதோடு போய் இணைப்பது? இந்த உண்மையைக் கண்டுபிடித்து, அதற்கென்று மூன்று மாடி எழுப்பி, 'சமுதாய இணைப்பு மற்றும் தன்குரல் மையம்' என்று பலகை மாட்டியவர்களை நாம் குறைத்து எடை போடக் கூடாது. பலகைக்குக் கீழே எட்டடி உயரத்துக்கு இரும்புக் கேட் போட்டிருந்தார்கள்.

அந்தக் கேட்டுக்குள் சின்னவள் பதினோரு வருஷமாகப் போய் வந்துகொண்டிருந்தாள். வீட்டில் கடைசிப் பெண் என்பதால் சின்னவள். வயது முப்பத்து மூன்று. மூளை வளர்ச்சி கொஞ்சம் தாமதம் என்று அவளுக்கு மூன்று வயதாகும்போதே டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் பிடிக்கும். புதிய விஷயம் என்றால் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அவசரப்படுத்தினால் வாய் கட்டிப்போகும். இதே குறைகள் உள்ள எத்தனையோ பேர் பெரிய பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மையத்தின் பெருமை தரைத்தளத்து ஹாலில் இருந்தது. அங்கே ஒரு தெருவையே கட்டி வைத்திருந்தார்கள். மளிகைக்கடை, மருந்துக்கடை, தபால் நிலையம், பஸ் ஸ்டாப், அதில் நிற்கும் பஸ், எல்லாம் பிளைவுட். மளிகைக்கடையில் தக்காளி பிளாஸ்டிக்கில் இருந்தது. பஸ்ஸின் ஜன்னல்களில் வழியில் பார்க்க வேண்டிய மரங்களை வரைந்திருந்தார்கள். ஹாலின் நிஜ ஜன்னல்களுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், ஏனென்றால் அந்தப் பக்கம் நிஜத் தெரு இருந்தது. அதைப் பார்த்தால் பயிலுநர்களுக்குக் கவனம் சிதறுகிறதாம்.

தெரு இருந்தால் போதுமா, அதில் நடக்க ஆள் வேண்டாமா? அதற்காக ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து புதன்கிழமைதோறும் நாலு பேர் வந்து போனார்கள். வாசலில் அவர்கள் கழுத்தில் ஆளுக்கொரு அட்டையை மாட்டுவார் வாட்ச்மேன். அட்டையில் 'சமுதாயம்' என்று எழுதியிருக்கும். சமுதாயம் பிளைவுட் தெருவில் இப்படியும் அப்படியும் நடக்கும். பயிலுநர்கள் அதற்கு வணக்கம் சொல்லிப் பழக வேண்டும். நாலு மணிக்குச் சமுதாயம் அட்டைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும்.

மற்ற நாட்களில் தன்குரல் வகுப்பு. அதை நடத்துபவருக்குக் குரல் அலுவலர் என்று பதவி. அவர் நீலக் கோப்பையையும் மஞ்சள் கோப்பையையும் மேஜைமேல் வைத்து, "உனக்கு எது வேணும்? உன் விருப்பம். யோசிச்சுச் சொல்லு" என்பார். சின்னவள் பதினோரு வருஷமாக மஞ்சளைக் காட்டிக்கொண்டிருந்தாள். 'தேர்வு செய்யும் திறன் வளர்ந்து வருகிறது' என்று வருஷா வருஷம் அறிக்கை போனது. 'வேண்டாம்' என்று சொல்லவும் அங்கே பயிற்சி உண்டு. அது செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியட். அந்த வார்த்தையை வேறு கிழமையில் சொன்னால் ஒத்துழைக்க மறுப்பு என்று பைலில் ஏறிவிடும்.

சின்னவளின் அண்ணன் பஸ் டிரைவர். காலை எட்டு பத்துக்கு அவன் பஸ் அந்தத் தெருவில் அவளை இறக்கிவிடும். கேட் திறப்பது ஒன்பது மணிக்கு. அந்த ஐம்பது நிமிஷத்துக்கு நிற்க இடம் தேடித்தான் அவள் எதிர்சாரியில் இருந்த சலவைக்கடைக்குள் முதலில் போனாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வெளுக்க வருகிற கடை. சும்மா நிற்கிறாளே என்று கடைக்கார அக்கா ஒருநாள் ஒரு விரிப்பின் நுனியைக் கொடுத்தாள். நாலு மூலையும் சேருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சின்னவள் மடித்ததைக் கண்டு அக்கா அடுத்த விரிப்பையும் நீட்டினாள். அன்றிலிருந்து மூன்று வருஷமாகத் தினமும் அந்த ஐம்பது நிமிஷம் அங்கேதான். மையத்துக்கு இது தெரியாது. அவர்கள்தான் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டார்களே.

ஒருநாள் அக்கா சொன்னாள்.

"இங்க மடிக்கிற பொண்ணு முப்பதாம் தேதியோட நின்னுக்கிறா. கல்யாணம் ஆகிப் போறா. ஒண்ணாம் தேதியிலிருந்து நீ முழு நாளும் வந்துடும்மா."

"நானா?"

"பின்ன, உன் பின்னால யாராவது நிக்கிறாங்களா? ஆனா ஒண்ணு. நீ அந்த மையத்துப் பேரேட்டுல இருக்கிற ஆளு. அவங்க தயார்னு சான்று குடுக்காம நான் வேலைக்கு வெச்சா என் கடையைப் பூட்டிடுவாங்க. அதை மட்டும் வாங்கிட்டு வந்துடு. ஒண்ணாம் தேதி தாண்டினா வேற ஆளைத்தான் பாக்கணும். துணி காத்திருக்காது."

சின்னவள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குப் பசிக்காது. "எனக்கு வேலை, அண்ணே" என்று ஏழெட்டு தடவை சொன்னாள். அண்ணன் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டான்.

சான்று வாங்கப் பரீட்சை உண்டு. பரீட்சை பிளைவுட் தெருவில்தான். சின்னவள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் சீட்டில் வாட்ச்மேன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். மையத்தின் இயக்குநர் ஒரு பக்கமும் குரல் அலுவலர் மறுபக்கமும் மார்க் சீட்டுகளோடு நின்றார்கள்.

"இப்ப பஸ் எங்க போயிட்டிருக்கு?" என்றார் இயக்குநர்.

சின்னவள் ஜன்னலைப் பார்த்தாள். போன வருஷம் பார்த்த அதே மரம். நன்றாக யோசித்தாள்.

"எங்கயும் போகல சார்."

'சுற்றுப்புறம் பற்றிய உணர்வு இல்லை' என்று எழுதிக்கொண்டார் இயக்குநர்.

"சரி, மார்க்கெட் ஸ்டாப் வந்துடுச்சு. என்ன பண்ணுவே?"

"உக்காந்திருப்பேன் சார். எனக்கு மார்க்கெட்ல ஒண்ணும் வேலையில்ல."

'சமுதாயத்தில் பங்கேற்க ஆர்வம் இல்லை.'

மளிகைக்கடைக்குக் கூட்டிப் போனார்கள். தக்காளி வாங்கச் சொன்னார்கள். சின்னவள் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், திரும்ப வைத்துவிட்டாள். "இது வேண்டாம் சார். வேற கடை பாத்துக்கிறேன்" என்றாள். அன்றைக்கு வியாழக்கிழமை. குரல் அலுவலர் வருத்தத்தோடு தலையை ஆட்டிக்கொண்டே அதையும் பைலில் ஏற்றினார்.

நூற்றுக்குப் பதினெட்டு. மறுபரீட்சை அடுத்த வருஷம்.

மறுநாள் அண்ணன் டிரைவர் உடுப்போடு, வண்டி எடுக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போது, இயக்குநரைப் பார்க்க ஓடி வந்தான்.

"பதினோரு வருஷமா பஸ்லதான் சார் வர்றா. எனக்கு லீவு நாள்ல அவளே தனியா வர்றா. ஒருநாள் ரோடு தோண்டிட்டாங்கன்னு வண்டி வேற பக்கம் போயிடுச்சு. அவளே இறங்கி, ஆளுங்களைக் கேட்டு, வேற பஸ் பிடிச்சு வந்து சேர்ந்தா. அவளுக்கு பஸ்ல போகத் தெரியாதுன்னா எப்படி சார்?"

இயக்குநர் பொறுமையானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதெல்லாம் அனுபவம் தம்பி. நாங்க கேக்கறது தகுதி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. முதல்ல, உங்க பஸ் அங்கீகாரம் பெற்ற பஸ் இல்லை."

"ஊர் பூரா ஓடுது சார்."

"ஓடுதே, அதான் பிரச்சினை. ஓடற பஸ்ல நின்னுட்டு எப்படி மார்க் போடறது? எங்க பஸ்ஸைப் பாருங்க. இருபத்திரண்டு வருஷமா ஒரு விபத்து கிடையாது."

அண்ணன் மணியைப் பார்த்தான். ஸ்டாப்பில் அவனுடைய வண்டிக்காக நாற்பது பேர் காத்திருந்தார்கள். போய்விட்டான்.

ஆனால் மையம் நியாயமான இடம். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்ய வழி வைத்திருந்தார்கள். பயிலுநர் தன் சொந்தக் குரலில் முறையிடலாம் என்று விதியிலேயே இருக்கிறது. சொந்தக் குரல் என்பது குரல் அலுவலர். சின்னவளை இரண்டாவது மாடியில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் மேல்முறையீட்டுக் கமிட்டி இருந்த அறைக்குள் போனார். முக்கால் மணி நேரம் பேசினார். வெளியே வந்தபோது அவர் கண்ணே சிவந்திருந்தது.

"உன் சார்பா ரொம்ப உருக்கமாப் பேசிட்டேன்மா. கமிட்டியில ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் கலங்கிட்டாங்க."

"சான்று குடுத்துட்டாங்களா சார்?"

"இல்லம்மா. உனக்கு இந்த இடத்தை விட்டுப் போக மனசே வரலை, எங்களையெல்லாம் பிரிய முடியாதுன்னு சொன்னேன். ஒரு மனசா ஏத்துக்கிட்டாங்க."

சின்னவளுக்குப் புரிய நேரம் பிடித்தது.

"நான் அப்படிச் சொல்லவே இல்லியே சார்."

"நீ சொல்லலை. உன் உள்மனசு சொல்லுச்சு. அதைக் கேக்கறதுக்குத்தானே எனக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க" என்று சொல்லி, அவள் தலையைத் தடவிவிட்டு, அவர் டீ குடிக்கப் போனார்.

சின்னவள் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவளுக்குக் கோபம் வந்தது, கோபத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாத கோபம் வேறு. வெளியே வந்தபோது ரேடியோ நின்றுகொண்டிருந்தாள். ரேடியோ அவளுடைய சிநேகிதி, நாற்பது வயதுக்காரி. மையத்தில் நடப்பதையெல்லாம் செய்தி வாசிப்பதுபோல ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பாள், அதனால் அந்தப் பேர்.

"இன்றைய முக்கியச் செய்தி. சின்னவள் அழுதாள். ரேடியோவுக்கும் வருத்தம்" என்றாள் ரேடியோ. மையத்தில் அன்றைக்கு யாரோ ஒருவர் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

துறையிலிருந்து மேலதிகாரி ஒருவர் முப்பதாம் தேதி சோதனைக்கு வருவதாகக் கடிதம் வந்தது. இணைப்பு எந்த அளவில் நடக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டுமாம். பிளைவுட் தெருவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். தக்காளியைத் துடைத்து அடுக்கினார்கள். பயிலுநர்கள் முப்பத்தொன்பது பேரையும் இடம் பார்த்து நிறுத்தினார்கள். வாட்ச்மேன் கேட்டை விட்டுவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினார். தபால் நிலையத்தில் குரல் அலுவலர். பத்து மணிக்கு மேலதிகாரி வந்து இறங்கினார். பத்தேகாலுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. சமுதாயம் வராது. அவர்களுக்கு அன்றைக்கு ஆபீசில் சமூகப் பொறுப்பு பற்றி ஒரு கூட்டம், கட்டாயம் இருந்தாக வேண்டும்.

இயக்குநருக்குக் கை கால் ஓடவில்லை. மேலதிகாரிக்கு மேல்மாடியில் டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டு ஹாலுக்கு ஓடி வந்தார். யாரை அனுப்புவது? ஊழியர்கள் எல்லோரும் கடைக்காரர்களாகவும் போஸ்ட் மாஸ்டராகவும் இருந்தார்கள். அவர் கண்ணில் பட்டது மருந்துக்கடை ஓரம் நின்ற சின்னவள்தான்.

"இந்தாம்மா, இந்த ரோட்டுல உனக்கு ஆளுங்களைத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"ஓடிப்போய் நாலு பேரைக் கூட்டிட்டு வா. யாரா இருந்தாலும் சரி. பாக்க சமுதாயம் மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்." நாலு அட்டைகளை அவள் கையில் திணித்தார்.

தபால் நிலையத்துக்குள்ளிருந்து குரல் அலுவலர் தலையை நீட்டினார். "சார், சான்று இல்லாதவங்களை மைய நேரத்துல தனியா வெளிய அனுப்பக் கூடாது. விதி ஒன்பது. அனுப்பினவருக்கு வேலையே போயிடும்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்யா."

சின்னவள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், ஒரு லாரி போகும்வரை நின்றாள், கடந்தாள். அந்த ரோட்டில் பகல் பத்தரை மணி வெயிலை அவள் பார்த்துப் பதினோரு வருஷமாகியிருந்தது.

சலவைக்கடையில் விரிப்புகள் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. மடிக்கிற பெண் அரை நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டாள். கடைக்கார அக்கா தலைமுடி கலைந்து, வியர்த்து விறுவிறுத்து நின்றாள். சின்னவள் சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொன்னாள். அக்கா அட்டைகளைப் பார்த்தாள்.

"இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு. நான் வந்து பொய்த் தெருவுல பொய்த் தக்காளி வாங்கணுமா? போய்ச் சொல்லு, சமுதாயத்துக்கு நேரமில்லைன்னு."

சின்னவள் திரும்பத்தான் பார்த்தாள். ஆனால் சூடாக எடுத்த விரிப்பைக் குவியலாக விட்டால் சுருக்கம் விழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். சுருக்கத்தின்மேல் படுத்தால் நோயாளிக்கு முதுகு புண்ணாகும் என்று அக்காதான் சொல்லியிருக்கிறாள். அட்டைகளை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு விரிப்பை எடுத்தாள். பிறகு இன்னொன்று.

மையத்தில் என்ன நடந்தது என்பதைப் பின்னால் ரேடியோ வாசித்துத்தான் தெரிந்தது. மேலதிகாரி இரண்டு டீ குடித்தார். மூன்றாவதை மறுத்தார். "எங்கய்யா சமுதாயம்?" என்று கேட்டார். எதிரே இருக்கிறது என்று யாரோ உளறிவிட, அவரே எழுந்து ரோட்டைக் கடந்து வந்துவிட்டார். பின்னாலேயே இயக்குநர், அவருக்குப் பின்னால் குரல் அலுவலர்.

சலவைக்கடை வாசலில் மூன்று பேரும் நின்றார்கள்.

"இவங்க யாரு?" என்றார் மேலதிகாரி.

"எங்க பயிலுநர் சார்" என்றார் இயக்குநர், பழக்கதோஷத்தில்.

"தனியா வந்திருக்காங்களே, சான்று இருக்கா?"

இயக்குநர் ஒரு விநாடி தன் பென்ஷனைப் பற்றி யோசித்திருக்க வேண்டும்.

"இருக்கு சார். நேத்துத்தான் குடுத்தோம். பைல்ல இருக்கு, இதோ எடுத்துட்டு வந்துடுவாரு." குரல் அலுவலர் அப்படி ஓடி அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

அவர் வரும்வரை சும்மா நிற்க முடியாதே. இயக்குநர் ஒரு சிறு உரை ஆற்றினார்.

"மையம் ஆரம்பிச்சு இருபத்திரண்டு வருஷத்துல இவங்கதான் சார் முதல் ஆள். அவசரப்பட்டு ஒருத்தரைக்கூட இதுவரைக்கும் நாங்க வெளிய விட்டதில்லை. ஒவ்வொருத்தர் மேலயும் அவ்வளவு அக்கறை. இவங்க போறதுல எண்ணிக்கை ஒண்ணு குறையுது, அந்த இழப்பைக்கூட நாங்க பொருட்படுத்தலை. இவங்க என்ன நினைக்கிறாங்கன்னு இவங்களைவிட எங்களுக்கு நல்லாத் தெரியும் சார்."

"நல்லது. வேலை பிடிச்சிருக்காமா இவங்களுக்கு?" என்று மேலதிகாரி இயக்குநரைக் கேட்டார்.

"சார், இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள் சின்னவள்.

மேலதிகாரி திடுக்கிட்டுப் பிடித்தார். தப்பாகப் பிடித்தார். "அப்படியில்ல சார், கட்டைவிரல் உள்ள இருக்கணும்" என்றாள். அவர் மறுபடி தப்பாகப் பிடித்தார். புதிய விஷயம் என்றால் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? அவசரப்படுத்தாமல் இன்னொரு தடவை சொல்லிக் கொடுத்தாள். மூன்றாவது விரிப்பில் மூலைகள் சேர்ந்தன. மேலதிகாரியின் முகம் குழந்தையின் முகம் மாதிரி மலர்ந்தது.

குரல் அலுவலர் சான்றோடு வந்து சேர்ந்தார். முத்திரை மை காயாமல் அவர் சட்டைப் பையில் ஒட்டியிருந்தது. நேற்றைய தேதி போட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மார்க் கொடுத்திருந்தார்கள். சுற்றுப்புற உணர்வு மிகச் சிறப்பு.

ஒண்ணாம் தேதி காலை எட்டு பத்துக்குச் சின்னவள் சலவைக்கடைக்குள் போனாள். ஒன்பது மணி அடித்தது. அவள் எங்கும் போகவில்லை. கடைக்கார அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆனால் ரேடியோவைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. அடுத்த புதன்கிழமை மத்தியானம் அக்காவிடம் சொல்லிவிட்டு மையத்துக்குப் போனாள். லீவு நாளாக இருந்ததால் அண்ணனும் கூட வந்தான். வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். ஊழியருக்கு ஒரு ரிஜிஸ்டர், பயிலுநருக்கு ஒரு ரிஜிஸ்டர், சமுதாயத்துக்கு ஒரு ரிஜிஸ்டர், அவரிடம் மூன்றுதான் இருந்தன. யோசித்துப் பார்த்துவிட்டு மூன்றாவதை எடுத்தார். அவள் கழுத்தில் அட்டையை மாட்டினார்.

சமுதாயமாகப் புதிதாக வருபவர்களுக்கு அரை மணி நேர விளக்கம் கட்டாயம். கம்பெனியிலிருந்து வந்த இரண்டு புதியவர்களோடு சின்னவளும் உட்கார்ந்தாள். அண்ணன் பின்னால் நின்றான். குரல் அலுவலர் அவளைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், தாளையே வாசிப்பதென்று முடிவு செய்தார்.

"நீங்க உள்ள சந்திக்கப் போறவங்களும் நம்மள மாதிரி மனுஷங்கதான். மெதுவாப் பேசுங்க. எப்பவும் அவங்ககிட்டயே நேராப் பேசுங்க, கூட வந்தவங்ககிட்டப் பேசாதீங்க." நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். "இவங்களுக்குப் புரிஞ்சுதா?"

"அவளைக் கேளுங்க சார்" என்றான் அண்ணன்.

குரல் அலுவலர் அவசரமாகத் தாளுக்குத் திரும்பினார். "முதல் தடவை உள்ள போறப்ப கொஞ்சம் பயமா இருக்கலாம். அது இயல்பு. யாருக்காவது பயமா இருக்கா?"

புதியவர்கள் இருவரும் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

"எனக்கு இருக்கு சார்" என்றாள் சின்னவள்.

தாளில் அதற்குப் பதில் இல்லை. அவர் புரட்டிப் பார்த்தார்.

சின்னவள் எழுந்து வாட்ச்மேனின் மேஜைக்குப் போனாள். சமுதாயத்தின் ரிஜிஸ்டர் திறந்து கிடந்தது. எழுத்துக் கூட்டி அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தாள். எல்லோரும் பொறுமையாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளே வரும் நேரம் என்று ஒரு கட்டம். அதற்குப் பக்கத்தில் வெளியே போகும் நேரம் என்று ஒரு கட்டம். பதினோரு வருஷம் அவள் பேர் இருந்த ரிஜிஸ்டரில் இந்தக் கட்டம் இல்லை. அவள் அதன்மேல் விரலை வைத்தாள்.

"இதை முதல்ல எழுதுங்க சார். அப்புறம் உள்ள வர்றேன்."

குரல் அலுவலர் பேனாவைத் திறந்து நாலு மணி என்று எழுதினார்.

"கையெழுத்து?" என்றாள் சின்னவள். அவர் அதையும் போட்டார்.